நாற்பத்து நான்காம் எண்ணில் இருந்தவள்

பூமாரி எனக்கு ரயிலில்தான் பழக்கம். காலை பன்வேல் வண்டியில் அவள் சுனாபட்டியில் ஏறுவாள், நான் திலக் நகரில். பெண்கள் பெட்டியின் இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கையளவு இடம் பிடித்து வைத்திருப்பாள். மழைக்காலப் புழுக்கத்தில் பெட்டியே வியர்த்து வழியும்போது அவள் தோளில் மட்டும் ஒரு கனத்த கம்பளி ஸ்வெட்டர் தொங்கும். உடம்புக்கு ஏதோ என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நெருளில் அவள் வேலை செய்யும் சர்வர் கட்டடத்துக்குள் வருஷம் முழுக்க மார்கழிக் குளிர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தாராவியில் பிறந்தவள். வயது முப்பத்தாறு. அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே காலமாகிவிட்டார், அம்மாவும் இல்லை. தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், அண்ணன் சுடலைக்கண்ணன், மதினி மாரிசெல்வியோடு இருக்கிறாள். பள்ளிக்கூடப் பை தைக்கும் ஒரு கார்கானாவில் பதினோரு வருஷம் உட்கார்ந்து தைத்தவள். சாயங்காலங்களில் செம்பூருக்குப் போய் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூனில் கார்கானாவை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். காலியான அவளுடைய சீட்டில் ஆகஸ்ட் மாதம் மதினி போய் உட்கார்ந்தாள்.

என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஒரு சால் மாதிரிக்கா, வரிசையா ஒத்த ரூம் வீடா இருக்கும்லா" என்றாள். "ஒரு பெரிய மிஷினுக்குள்ள முப்பது நாப்பது மிஷின் குடியிருக்கும். நெசத்துல தனி மிஷின் கிடையாது, பாவனைதான். ஆனா ஒவ்வொண்ணும் இந்த வீடு பூரா எனக்குத்தான்னு நெனச்சிக்கிட்டிருக்கும். பெருசுக்குப் பேரு ஹோஸ்ட், குடியிருக்கதுக்குப் பேரு கெஸ்ட்டு. பெருசோட மெமரி நோட்டு மாதிரி பக்கம் பக்கமா இருக்கும், அதுல ஒரு எடம் பழுதாயிட்டுன்னா, அந்த எடத்துல குடியிருக்க கெஸ்ட்டுக்குச் சொல்லியாகணும். 'ஏ, அந்தப் பக்கம் போயிட்டு, தொடாத'ன்னு. சொல்லிட்டா அது வேற எடத்துல எழுதிக்கிட்டுப் பொழச்சுக்கும். சொல்லலன்னா அந்த எடத்தத் தொட்டுச் செத்துரும். சேதி போச்சா, அது வாங்கிக்கிட்டான்னு பாக்கதுதான் என் வேல."

இந்த வருஷம் ஜூலையில் அவளுக்கு நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மதினி வேலை முடிந்து வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஏட்டி பூமாரி, இன்னைக்கு ஹாஜிரி மிஷின் என்னிய உன் பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு."

கார்கானா வாசலில் முகத்தைப் பார்த்து வருகை குறிக்கும் மிஷின் ஒன்று உண்டு. முன்னால் போய் நின்றால், ஒரு பெண் குரல் இந்தியில் பெயர் சொல்லி நமஸ்தே வைக்கும். மூன்று வருஷமாக மதினிக்கு அது 'மாரிசெல்வி ஜி' என்றுதான் சொல்லி வந்தது.

"பழைய பேரு எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கும் மதினி" என்றாள் பூமாரி.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எனக்குப் பின்னால அப்ரார் வந்து நின்னான். அவன பூலோகம்னு கூப்புட்டுச்சு."

பூலோகம் அங்கே பேக்கிங் பார்த்த பெரியவர். போன வருஷம் மூச்சுத் திணறல் வந்து சயான் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த இடத்தில் இப்போது அப்ரார்தான் பேக்கிங் பார்க்கிறான். மிஷின் அந்தப் பெயரைச் சொன்னதும் அவன் வாசலிலேயே நின்றுவிட்டானாம். செவ்வாய்க்கிழமை மிஷின் பக்கமே வராமல், துணி மூட்டை இறக்கும் பின்வாசல் வழியாக உள்ளே போனான்.

செவ்வாய்க்கிழமைக்குள் கார்கானாவில் பதினைந்து பேர் கணக்கு சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் வேறொருவர் பெயர். சூரத்துக்குக் கல்யாணமாகிப் போனவள், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டவன், இறந்துபோன பூலோகம், பூமாரி. யாருடைய சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அந்தப் பழைய ஆளின் பெயரைத்தான் மிஷின் சொன்னது. ஆள் போனால் அந்த எண்ணைப் புதிதாக வருகிறவருக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். தன் சீட்டில் முன்னால் யார் இருந்தார்கள் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. இப்போது காலையில் உள்ளே நுழையும்போதே அது காதில் விழுந்தது. இரண்டு பெண்கள் மிஷின் ஸ்டாண்டில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள்.

வந்தனா என்ற மராட்டிப் பெண்ணின் எண் நாற்பத்து நான்கு. அவளை மிஷின் 'பிரேமலதா' என்றது. மற்ற பதினான்கு பேரையும் யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருந்தது. பிரேமலதா யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"நாப்பத்தி நாலு உன் பக்கத்து சீட்டுல்லாட்டி. ஒனக்குத் தெரியாதா?" என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி கேட்டாள் மதினி.

பூமாரி யோசித்துப் பார்த்தாள். அவளுடைய எண் நாற்பத்து மூன்று. வலது பக்கம் சுவர். இடது பக்கத்தில் யார் இருந்தார்கள்? தையல் மிஷின் ஞாபகம் வந்தது, அதன் மேல் ஆடிக்கொண்டிருந்த பல்பு ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் வரவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் அவள் ஒரு காரியம் செய்தாள். ஹாஜிரி மிஷினில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரை மதினியிடம் கேட்டு வைத்திருந்தாள். அந்தப் பெயரைத் தன் வாடிக்கையாளர் பட்டியலில் தேடினாள். இருந்தது. பதினேழாம் ரேக்கில் ஒரு கெஸ்ட். சனிக்கிழமை மத்தியானம் அதன் ஹோஸ்ட்டில் மெமரிப் பழுது ஒன்று. கெஸ்ட்டுக்குச் சேதி போயிருக்கிறது, கெஸ்ட் வாங்கிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை அதைச் சரி என்று குறித்து மூடியது பூமாரியேதான்.

ஷ்ரவணைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஷ்ரவண் மாட்டுங்காவிலிருந்து வரும் இன்ஜினியர், அவளைவிடப் பத்து வயது இளையவன். நின்றபடியே திரையைப் பார்த்தவன், அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பூமாரி, இதப் பாத்தேளா? ஹோஸ்ட்டுக்கு ஒரு பக்கம்னா அது ரொம்பப் பெரிசு. கெஸ்ட்டோட கணக்குல அதுவே பதினாறு பக்கம். ஹோஸ்ட்டுல ஒண்ணு போனா கெஸ்ட்டுக்குப் பதினாறு போச்சு."

"நாம ஒண்ணுதான சொல்லிருக்கோம்?"

"சேதி எழுதற எடத்துல ஒரு வரிதான் இருக்கு. மொதல் பக்கத்த எழுதிடறது, அதோட முடிஞ்சுது. மிச்சம் பதினஞ்சு போனதே கெஸ்ட்டுக்குத் தெரியாது."

"அப்ப அதத் தொட்டதும் செத்திருக்கணுமே சார்?"

ஷ்ரவண் கொஞ்ச நேரம் எதையோ தேடினான். "ஓட்டைய ஹோஸ்ட் அடைச்சிருக்கு" என்றான். "பழைய நகல் ஒண்ணுலேந்து எடுத்து அந்த எடத்துல வச்சிருக்கு. சொன்ன பக்கத்த மட்டும் கெஸ்ட் தூக்கிப் போட்டுட்டு, தன் டிஸ்க்குலேந்து பாத்துப் புதுசா எழுதிண்டுது. சொல்லாத பதினஞ்சையும் தன்னோடதுன்னே நம்பிண்டிருக்கு."

"எந்த நகல்?"

"இந்த ரேக்குக்கு அத மாத்தின அன்னிக்கு எடுத்தது. ஏப்ரல், ரெண்டாயிரத்து இருபத்திரண்டு."

அந்த ஏப்ரலில் பூமாரி நாற்பத்து மூன்றாம் சீட்டில் உட்கார்ந்து பை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். அதில் எண், பெயர், போன் நம்பர், சின்னதாக ஒரு போட்டோ. முகத்தின் அளவுகள் வேறு இடத்தில் இருந்ததால் அவை கெடவில்லை. இன்றைய முகத்தைச் சரியாகப் பார்த்து, எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய பெயரை மிஷின் படித்தது. காரணம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஷ்ரவண் இன்னொன்றும் சொன்னான். அந்த கெஸ்ட் சனிக்கிழமைதோறும் தன் பட்டியலை டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். இந்தச் சனிக்கிழமை எழுதிவிட்டால் பழைய பெயர்களே நிரந்தரமாகிவிடும், இப்போது வேலை செய்கிற பதினைந்து பேர் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். அதற்குள் மிச்சமிருக்கும் பதினைந்தையும் கையால், ஒவ்வொன்றாக, சொல்லியாக வேண்டும்.

"நாளன்னிக்கு பர்மிஷன் வந்துடும். வெள்ளிக்கிழமை பண்ணிடலாம்" என்றான்.

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. காலையில் மதினியோடு கார்கானாவுக்குப் போனாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சந்தெல்லாம் தோலும் பிளாஸ்டிக்கும் ஈரமும் கலந்த அதே வாடை. மூன்று வருஷத்தில் வாசலுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். பூமாரி மிஷின் முன்னால் போய் நின்றாள். பச்சைக் கட்டம் அவள் முகத்தைச் சுற்றி வந்து நின்றது.

"பஹ்சான் நஹீ ஹுயி" என்றது குரல். அடையாளம் தெரியவில்லையாம்.

அவள் நகர்ந்துகொள்ள, பின்னால் நின்ற மதினி முன்னால் வந்தாள்.

"நமஸ்தே, பூமாரி ஜி."

மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

சூப்பர்வைசர் ஷகீலுக்குப் பூமாரியைப் பார்த்ததில் சந்தோஷம். ஊரெல்லாம் பேய் என்கிறார்கள், நீயாவது வந்தாயே என்றார். பிரேமலதாவைப் பற்றிக் கேட்டாள்.

"அரே பூமாரி, மாசம் பத்து பேர் வராங்க, பத்து பேர் போறாங்க. எனக்கு எப்படி யாத் இருக்கும்?"

"பட்டியல்ல போட்டோ இருக்குமே பாய். ஒருக்கா காட்டுங்க."

ஷகீல் தன் கண்ணாடி அறையில் கம்ப்யூட்டரைத் திறந்து நாற்பத்து நான்கை அழுத்தினார். தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ. ஒல்லியான முகம், ஒற்றைக்கல் மூக்குத்தி, இருபது வயது இருக்கும். கேமராவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் ஒரு கை. கைக்கு மேலே, போட்டோவின் ஓரத்தில், வாயெல்லாம் பல்லாக இன்னொரு முகம். கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றது. பூமாரிதான் அது.

"அந்த மஞ்சத் துப்பட்டா எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா" என்று என்னிடம் சொன்னாள். "குர்லாவுல எடுத்தது. ரெண்டு தடவ தொவைச்சதுக்கே சாயம் போயிட்டு. அந்தப் பிள்ளதான் ஞாபகம் வரல. எம்புட்டு நேரம் பாத்தாலும் யாரோ மூஞ்சியாத்தான் இருந்துச்சு."

போன் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டாள். போட்டோவைப் படம் பிடிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஷகீலும் திரையை மூடிவிட்டார்.

வீட்டில் அண்ணனிடம் கேட்டாள். சுடலைக்கண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிரேமலதாவா? நம்ம வீட்டுல வந்து சாப்ட்ருக்காளே. நாலஞ்சு ஞாயித்துக்கெழம நீதான கூட்டிட்டு வந்த. ரசத்த வாங்கி வாங்கிக் குடிப்பா. அவ ஊருக்குப் போன அன்னைக்கு நீ ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்து மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்துருந்த. நெசமாவே ஞாபகம் இல்லியா?"

"இல்லண்ணே."

அண்ணன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஒரு சேதியை எழுதி அனுப்ப வேண்டும். கெஸ்ட் அதைப் படித்து 'வாங்கிக்கொண்டேன்' என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. படிக்கும் முன்னால் அடுத்ததை எழுதினால் முந்தையது அழிந்துபோகும். பூமாரி எழுதினாள், ஷ்ரவண் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தான், ஒன்றுக்கு எட்டு ஒன்பது நிமிஷம் பிடித்தது. அனுப்பியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடியில் பதில் வந்தது. பூலோகத்தின் பக்கம் போனது. நாற்பத்து மூன்று, அவளுடைய பக்கம், அதுவும் போனது.

நாற்பத்து நான்கை எழுதிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னாச்சு?" என்றான் ஷ்ரவண்.

"ஒண்ணுமில்ல சார்." அனுப்பினாள்.

பதில் வரவில்லை. பத்து நொடி, இருபது நொடி. திரையில் எதுவும் அசையவில்லை. நாற்பது நொடிக்கு மேல் ஆன பிறகுதான் 'வாங்கிக்கொண்டேன்' வந்தது.

"இது மட்டும் ஏன் சார் இவ்வளவு நேரம்?"

"அந்தப் பக்கத்த அப்போ யாராவது படிச்சிண்டிருந்துருப்பா. படிச்சு முடிக்கற வரைக்கும் கெஸ்ட் விடாது."

மிச்சம் நான்குக்கும் ஒரு நொடியில் பதில் வந்தது. சாயங்காலம் ஷகீலுக்குப் போன் செய்தாள். மத்தியானம் யாராவது பட்டியலைத் திறந்து நாற்பத்து நான்கைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையாச்சே, ஜும்ஆ தொழுகைக்காகப் பன்னிரண்டு மணிக்கே அறையைப் பூட்டிவிட்டு மசூதிக்குப் போய்விட்டேன், சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது என்றார் ஷகீல். அவர்கள் அந்தச் சேதியை அனுப்பியது பன்னிரண்டரைக்கு.

சனிக்கிழமை மதினியை மிஷின் 'மாரிசெல்வி ஜி' என்றது. அப்ரார் முன்வாசல் வழியாக வந்தான். எலுமிச்சம்பழத்தை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் பூமாரி கட்டடத்தை விட்டு வெளியே வந்தாள். டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்று அந்த நம்பரைப் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னால் நிறையப் பெண்கள் பேசும் சத்தம்.

"ஹலோ, பிரேமலதாவாம்மா?"

"ஆமா, யாரு பேசுதிய?"

"தாராவியில பை கார்கானாவுல வேல பாத்தியா?"

"ஆமாக்கா! அஞ்சு மாசம் இருந்தேன். இப்ப கோயில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கேன். நீங்க யாரு?"

பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று பூமாரிக்குத் தோன்றியது. "ஒன் பக்கத்து சீட்டுல இருந்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"எப்படிக்கா மறக்க முடியும்? பூமாரி அக்கா. கூடப் பொறந்தவ மாதிரில்லா என்னியப் பாத்துக்கிட்டாவ. பாவம், நான் ஊருக்கு வந்த மறு மாசமே எறந்துட்டாவ. எங்கம்மா அவியளுக்கு வெளக்கெல்லாம் ஏத்தி வச்சா."

பூமாரி போனை மறு காதுக்கு மாற்றினாள். "யாரு சொன்னா?"

"கார்கானாவுக்குப் போன் போட்டுப் பூமாரி அக்காட்ட குடுங்கன்னேன். 'வோ அப் நஹீ ரஹீ'ன்னு சொல்லி வச்சிட்டாவ."

இந்தியில் அந்த வார்த்தைக்கு 'செத்துப்போய்விட்டாள்' என்றுதான் அர்த்தம். அவள் இப்போது இங்கே இல்லை என்று சொல்ல வந்தவர் யாரோ 'இங்கே' என்பதை விழுங்கியிருக்கலாம், அல்லது இரைச்சலில் பிரேமலதாவின் காதில் விழாமல் போயிருக்கலாம். ரயிலில் வரும்போதுதான் பூமாரிக்கு அது புரிந்தது. அந்த நிமிஷத்தில் புரியவில்லை.

"பிரேமலதா, நான் சாகல. நாந்தான் பூமாரி பேசுதேன்."

பேச்சுக் குரல்கள் தள்ளிப் போயின. அவள் எங்கோ தனியாக நகர்ந்து வந்திருக்க வேண்டும்.

"வெளையாடாதிய."

"வெளையாடல. நெசமாத்தான் சொல்லுதேன்."

"குரலு அவிய குரலு மாதிரித்தான் இருக்கு" என்றாள் அவள் மெல்ல. "அப்ப சொல்லுங்க. நான் ஊருக்குக் கெளம்புத அன்னைக்கு, ரயில் நகரும்போது, ஜன்னல் வழியா என் கையில என்ன குடுத்திய?"

பூமாரி ஞாபகத்தைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. ரயில் இல்லை, ஜன்னல் இல்லை, கை இல்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தாளாம். வளையலா, சாப்பாடா, அந்த மஞ்சள் துப்பட்டாவா? தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பயம் வந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றாள்.

"யாரோ தெரியல, இப்படியெல்லாம் செய்யாதிய. அவிய நல்லவிய" என்றாள் பிரேமலதா. போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த நம்பரைப் பூமாரி போட்டால் மணி அடிப்பதே இல்லை.

அதன் பிறகு நடந்தவை கொஞ்சம்தான். ஷ்ரவண் ஆகஸ்ட் முழுக்க உட்கார்ந்து, ஒரு சேதியிலேயே பதினாறு வரியும் போகும்படி மாற்றி எழுதினான். அக்டோபரில் இன்னொரு ஹோஸ்ட்டில் பழுது வந்தது. பதினாறும் சேர்ந்தே போயின, கெஸ்ட் பிழைத்துக்கொண்டது. பூமாரி இப்போது சரி என்று குறிப்பதற்கு முன்னால் எத்தனை போயிற்று, எத்தனை சொன்னோம் என்று இரண்டு முறை பார்க்கிறாள். மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் போய்த் தலையையும் காட்டினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, மனிதர்கள் மறப்பது சகஜம் என்று அனுப்பிவிட்டார்.

பொங்கலுக்கு நாகர்கோவில் வண்டியில் கோவில்பட்டிக்கு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறார்கள். அண்ணன், மதினி, இவள். தீப்பெட்டி ஆபீஸ் எதுவென்று அண்ணன் ஊர்க்காரர்களிடம் விசாரித்து வைத்திருக்கிறார்.

"நேர்ல போய் நின்னா நம்பிருவா, இல்லையா?" என்று நேற்று ரயிலில் கேட்டேன்.

"அவ நம்பிருவாக்கா. அவளுக்கு என் மூஞ்சி தெரியும்." வண்டி கடற்கழிப் பாலத்தில் ஏறியிருந்தது. வெளியே சாம்பல் நிறத்தில் தண்ணீர். "எனக்குத்தான் அவள எப்படித் தெரியும்? அந்தப் போட்டோவுல பாத்த மூஞ்சியும் இப்பக் கலைஞ்சுட்டு. மூக்குத்திதான் மிச்சம் இருக்கு. அங்க அம்பது பிள்ளைய வரிசையா உக்காந்து குச்சி அடுக்கிக்கிட்டிருந்தா, நான் யாரப் பாத்துச் சிரிக்க?"

வாஷி வந்தது, கூட்டத்தோடு இறங்கிவிட்டேன்.